அடைமழைக் காலத்தில் குளிர்சாதனங்களிற் பூஞ்சணம் பற்றாமற் காத்தல்

நெல்லைக் குதிரிற் சேர்க்குமுன் நாலு மணியை எடுத்துப் பல்லிற் கடித்துப் பாராத குடியானவர் நம் நாட்டில் இலர். படீரென்று முறிந்தால் காய்ந்தது; நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்பட்ட நெல்லைக் கட்டி வைத்தால் அது சூடேறிப் பூஞ்சணம் பூக்கும் என்பதும், அரசாங்கக் கொள்முதலில் 17 பங்குக்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல், விசேஷத் தளர்வு உத்தரவு இருந்தாலொழிய ஏற்கப்படுவதில்லை என்பதும் கிராம உத்தியோகஸ்தர்கள் யாவரும் அறிந்தவையே. தானியத்தின் விஷயத்தில் இத்துணை எச்சரிக்கையுள்ள குடும்பங்களிலேயே, சென்னை வீட்டின் சுவரில் மாட்டியிருக்கும் குளிர்சாதன யந்திரத்தின் வயிற்றினுள் கறுப்புப் பூஞ்சணம் அடையடையாக வளர்ந்திருப்பதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த வயிற்றின் வழியே வரும் காற்றைத்தான் இரவு முழுவதும் குழந்தைகள் சுவாசிக்கின்றன.

விவசாயப் பத்திரிகைக்கும் பட்டணத்துக் குளிர்சாதனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். நிலமுள்ள குடும்பங்களிற் பல, பிள்ளைகளின் படிப்பையோ உத்தியோகத்தையோ முன்னிட்டு, மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஒரு வீடு வைத்திருக்கின்றன. சம்பா நடவுக்கும் அறுவடைக்குமாகப் பெரியவர்கள் ஊருக்கு வந்துவிட, ஐப்பசி முதல் தை வரை அவ்வீடு பூட்டிக் கிடப்பதும் உண்டு. வருஷத்திலேயே காற்று மிக ஈரமாயிருக்கும் காலம் அதுவே. தவிர, தானியத்தைக் கெடுக்கும் பூஞ்சணமும் யந்திரத்தைக் கெடுக்கும் பூஞ்சணமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே நம் வாசகர்களுக்கு இவ்விஷயத்திற் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சமே.

ஈரம் யந்திரத்தினுட் சேரும் விதம்

காற்று ஜலத்தைத் தாங்கும் அளவு அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது. 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஜலத்தை ஆவியாகத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் ஒன்பதரைக்கும் குறைவு. இதற்குமேல் உள்ளது ஜலமாகிப் பக்கத்திலுள்ள குளிர்ந்த பொருளின்மேற் படியும். மார்கழி விடியற்காலையிற் புல்நுனியிற் பனித்துளி நிற்பது இதனாலேயே.

12 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமுமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஈரமான ஓர் இரவில், அவ்வறைக் காற்றில் மட்டும் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. சௌகரியமாகத் தூங்குவதற்கு இதிற் பாதி வெளியேற வேண்டும். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, குளியலறை வழியாகப் புதிய ஈரம் நுழைந்துகொண்டேயிருக்கும். உறங்கும் ஒவ்வொருவரும் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவிற் கால் லிட்டருக்குக் குறையாமற் சேர்க்கின்றனர். இவ்வளவும் யந்திரத்தினுள் 10 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்திருக்கும் செப்புக் குழாய்ச் சுருளின்மேல், அதாவது மெக்கானிக்குகள் காயில் என்று கூறும் பகுதியின்மேல், வியர்த்து வடிகிறது. அதன் கீழுள்ள தட்டில் விழுந்து, வடிகுழாய் வழியாக வெளியே போகிறது. அடையாற்றில் மாடி வீடுகளின் பின்புறத்தில் ஐப்பசி இரவில் நடந்து செல்பவர் தலையில் மழை நின்ற பின்னும் சொட்டுவது இந்த ஜலமே.

குளிர்சாதனம் குளிர்விப்பதற்காக ஏற்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றிற் காகிதம் ஈரத்தால் நீண்டும் சுருங்கியும் போனதால் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினீயர் வகுத்த ஏற்பாடே இக்காலத்துக் குளிர்சாதனங்களுக்கு மூலம். காற்றிலுள்ள ஈரத்தை அடக்குவதே அதன் முதல் நோக்கம். இதனை மறந்துவிட்டு, குளிர்ச்சி ஒன்றையே பார்த்து யந்திரத்தை வாங்குவதும் நடத்துவதுமே பூஞ்சணத்துக்கு வாசல் திறக்கின்றன.

யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுருள் மிகக் குளிர்ந்தும் ஜலத்தாற் கழுவப்பட்டுக்கொண்டும் இருக்கும். அப்போது பூஞ்சணம் அதிகம் வளராது. விடியற்காலையில் ஸ்விட்சை அணைத்த பிறகே அதற்கு நல்ல காலம். சுருளும் தட்டும், காற்றை ஊதும் உருளை விசிறியும் ஈரமாகவே நிற்கின்றன; சிறிது நேரத்தில் அறை உஷ்ணத்துக்கு வருகின்றன. வெளிச்சம் இல்லை, காற்றோட்டம் இல்லை. பஞ்சுத் துகள், தோற் செதில், அடுக்களைப் புகை, சாம்பிராணிப் புகை ஆகிய யாவும் சேர்ந்த மெல்லிய அழுக்கு எருவாக அமைந்திருக்கிறது. நாற்றங்காலை இதைவிட நன்றாகத் தயாரிக்க ஒரு குடியானவராலும் இயலாது. விதை எங்கும் காற்றில் மிதக்கிறது. அதைத் தடுக்க யாராலும் ஆகாது. ஈரமான பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டாற் பூஞ்சணம் பெரும்பாலும் பற்றாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. ஒவ்வோர் இரவும் நனைந்து, பகலில் மூடிய இருட்டில் உலராமலே நின்று, மறுபடி நனைவதற்கு இந்தக் கெடு கிடைப்பதேயில்லை.

பெரிய யந்திரத்தின் குற்றம்

சென்னையில் ஓர் அறைக்கு ஒரு டன் போதுமாயிருக்க, இரண்டு டன் வாங்குவது பெருமையாகக் கருதப்படுகிறது. ‘டன்’ என்பது யந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் சக்திக்கு ஒரு டன் என்று பெயர். பனிக்கட்டியைக் கொண்டே குளிர்ச்சியை அளந்த காலத்தின் எச்சம் இது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையிற் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயருடன் இன்றும் நிற்கிறது.

அறைக்கு மிஞ்சிய யந்திரம் பத்து நிமிஷத்திற் காற்றைக் குளிர்வித்துவிட்டு அழுத்தப் பொறியை நிறுத்திவிடும். அந்தப் பத்து நிமிஷத்திற் சுருள் நனைய மட்டுமே அவகாசம் உண்டு. ஜலம் திரண்டு வடிந்து வெளியே போக அவகாசமில்லை. பிறகு விசிறி மட்டும் சுழன்று, சுருளிலுள்ள ஈரத்தை மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதும். அறை சில்லென்றிருக்கும், போர்வையோ நமுத்திருக்கும். அதனால் வீட்டார் இன்னும் குறைத்து 18 டிகிரியில் வைப்பர், கேடு இரட்டிப்பாகும். அடைமழைக் காலத்தில் வெளியிலேயே 26 டிகிரிதான் இருக்கும் இரவுகளில் அளவான யந்திரங்கூட இவ்வாறு விட்டு விட்டு ஓடும். சித்திரை வெயிலில் நாள் முழுதும் ஓடிய யந்திரத்தில் இல்லாத வாடை ஐப்பசியிற் கிளம்புவதற்கு இதுவே காரணம்.

120 சதுர அடி வரையுள்ள அறைக்கு ஒரு டன், 180 வரையுள்ளதற்கு ஒன்றரை டன் என்பது வழக்கமான கணக்கு. மொட்டை மாடியின் கீழுள்ள மேற்குப் பார்த்த அறைக்குச் சற்று அதிகம் வேண்டும். வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை யந்திரங்கள் நீண்ட நேரம் மெதுவாக ஓடுவதால் இக்குறை அவற்றில் ஓரளவு குறைவு.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். மழைக்காலத்துச் சென்னைக் காற்றில் 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கும். ஓர் அறையை 18 டிகிரியில் வைத்தால் அதன் சுவரின் மறுபுறமும் குளிர்ந்து, யந்திரமில்லாத பக்கத்து அறையில், அதிலும் சுவரையொட்டிய அலமாரியின் பின்னே, ஜலம் பூக்கும். பட்டுப்புடவையும் நிலப் பத்திரமும் வைத்த அலமாரியிற் கறை படிந்தால் வீட்டார் கூரை ஒழுக்கைத் தேடி அலைவர். குற்றமோ அடுத்த அறை ரிமோட்டில் இருக்கும். 2020 ஜனவரி முதல் தேதி தொட்டு, நட்சத்திர முத்திரையுள்ள அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியைத் தாமாகக் காட்டித் தொடங்க வேண்டுமென்று மத்திய அரசாங்கம் விதித்தது மின்சாரச் செட்டுக்காக. சுவருக்கும் அது நன்மையே.

இம்மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. தியாகராய நகர், நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த பெரிய ஏரியை 1923ஐ ஒட்டி வற்றடித்து மனையாக்கிய ஊர். ஏரி நிலம் மழையை மறப்பதில்லை. தரைத்தளத்து வீடுகளில் அடிச்சுவர் ஈரத்தை ஏற்றும். மயிலாப்பூரிற் கடற்காற்றும் பழைய சுண்ணாம்புச் சுவர்களும். கடற்காற்றின் உப்பு வெளிப்புற யந்திரத்தின் குழாய்களை அரித்து, உள்ளிருக்கும் வாயுவைக் கசியவிடும். வாயு குறைந்தாற் சுருளில் பனிக்கட்டி பிடித்து, அது உருகும்போது தட்டு தாங்காமற் சுவரெல்லாம் வழியும். வாயு எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று; வருஷந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புகிறவருக்குப் பணம் கொடுத்தல் வீண். அடையாற்றிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றின் அருகாமை. 2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளம் புகுந்த வீடுகளிற் சுவர்கள் உலர மாதங்கள் பிடித்தன. நனைந்த சுவருள்ள அறையில், அது உலரும் வரை, யந்திரத்தை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பூஞ்சணம் திரும்ப வரும்.

தேகத்துக்கு விளையும் தீங்கு

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமலும் இரைப்பும் ஆஸ்த்மாவும் அதிகமாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நம் வாசகர்களுக்கு இதைவிடப் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நனைந்து முற்றிய வைக்கோலைப் பிரித்துப் போட்டவருக்கு நாலைந்து மணி நேரங் கழித்துக் குளிர்காய்ச்சலும் வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் வந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தணிந்துவிடுவதைக் கண்டிருக்கலாம். குளிர்தேச வைத்தியர்கள் இதனை ‘உழவர் நுரையீரல் நோய்’ என்றே அழைக்கின்றனர். சூடேறிய வைக்கோலில் வளரும், பூஞ்சணத்தைப் போலத் தோன்றும் ஒருவகை பாக்டீரியாவின் தூளே இதற்கு முக்கிய காரணம். வயலையே காணாத அமெரிக்க அலுவலக ஊழியர் சிலருக்கு இதே வகை நோய் உண்டானதையும், அவ்வலுவலகக் குளிர்சாதனத்தினுள் இதே வகை நுண்ணுயிர் குடியிருந்ததையும் வைத்தியர்கள் 1970இல் வெளியிட்டனர். இத்தகைய நோய் அபூர்வம். ஆயினும் பலமுறை வந்து கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறிப் பழைய நிலைக்குத் திரும்பாது.

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்துப் பூஞ்சணங்கள் யந்திரங்களிலும் காணப்படுகின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் கடலைப் பிண்ணாக்குத் தின்று மாண்ட பிறகே அவ்விஷம் அறியப்பட்டது. யந்திரத்தில் வளர்வது தீனியில் விஷம் கலப்பதற்குச் சமமன்று. அநாவசியமாகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆஸ்த்மாவுள்ள குழந்தை, முதியோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்துண்போர் ஆகியோர் படுக்கும் அறையில் இதனை அலட்சியம் செய்யலாகாது. பட்டணத்துக்கு வந்தாற் பேரனுக்கு இருமலும், ஊருக்கு வந்தால் சுகமுமாக இருந்தால், ‘பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடுவதற்கு முன் படுக்கையறை யந்திரத்தைத் திறந்து பார்த்து, வைத்தியரிடமும் அதைச் சொல்லுதல் நலம்.

செய்ய வேண்டியவை

முதல் அடையாளம் வாடையே. யந்திரத்தைப் போட்ட முதல் சில நிமிஷங்களில் மட்டும் நனைந்த சாக்கின் நாற்றம் வீசினால் உள்ளே பூஞ்சணம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்று வரும் வாயில் வழியே டார்ச் விளக்கை அடித்து உருளை விசிறியைப் பார்க்கவும். அதன் இதழ்களிற் கறுப்புப் புள்ளிகளோ மெழுகு போன்ற படையோ தெரியும்.

தினசரிப் பழக்கங்களில் மிக முக்கியமானது, அணைக்குமுன் உலர்த்துதல். எழுந்திருக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாக ரிமோட்டில் விசிறி மட்டும் சுழலும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இது ஈரத்தை அறைக்குள்ளேயே விடுகிறதே என்று ஆட்சேபிப்போர் உண்டு, அது உண்மையே. ஆயினும் யந்திரத்தின் இருட்டறையில் நிற்கும் ஜலத்தைவிட விசாலமான அறையிற் பரவிய ஜலம் குறைந்த தீங்கு என்பதே என் அபிப்பிராயம். பிறகு பத்து மணிக்குமேல் மழை விட்டிருக்கும் சமயம் ஜன்னல்களைத் திறந்து சீலிங் விசிறியைப் போட்டால் அதுவும் நீங்கும். சுவரில் மாட்டும் யந்திரங்களிற் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே சுற்றுகின்றன. ஆதலால் இந்தத் திறப்பு அவசியம். புதிய யந்திரங்களிற் பல, அணைத்த பின் தாமே சிறிது நேரம் விசிறியை ஓட்டி உலர்த்திக்கொள்ளும்படி அமைந்தவை. ரிமோட்டில் அணைத்தவுடன் சிக்கனத்துக்காகச் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுகிற வீடுகளில் அவ்வேற்பாடு ஒருநாளும் நடைபெறுவதில்லை. கால் மணி நேரம் பொறுத்து அணைத்தாற் போதும்.

மழைக்கால இரவுகளில், ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட உலர்த்தும் நிலையை உபயோகிக்கவும். அதில் விசிறி மெதுவாக ஓடுவதால் காற்று சுருளில் அதிக நேரம் தங்கி ஈரத்தை நன்கு விடும். சாதாரண நிலையிலானால் 25 டிகிரியும் சீலிங் விசிறியும் போதும். குளியலறைக் கதவை மூடி வைக்க வேண்டும். துணி உலராத நாட்களிற் கொடியைப் படுக்கையறையிற் கட்டி யந்திரத்தைப் போட்டுவிடும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. தவிர்க்க முடியாத குடும்பங்கள் வேறோர் அறையில் விசிறியின் கீழ் உலர்த்துக. நெல்லுக்கு ஈரமானி வைத்திருப்பதுபோல், அறைக்கும் சில நூறு ரூபாய்க்குள் ஒரு சிறிய ஈரமானி கிடைக்கும். அது 60க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 70ஐத் தாண்டி நாட்கணக்காக நின்றாற் பூஞ்சணத்துக்குச் சாதகம்.

முன்மூடியைத் தூக்கினாற் கிடைக்கும் வலையை இரண்டு வாரத்துக்கொருமுறை குழாய் ஜலத்திற் கழுவி நிழலில் உலர்த்தவும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் கோணிப்போகும். ஈரத்துடன் திரும்ப மாட்டலாகாது. இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

வடிகுழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருக்க வேண்டும். வாய்க்காலுக்கு வாட்டம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. நடுவிற் பள்ளமாகத் தொங்கும் குழாயில் ஜலம் நின்று பாசி பிடிக்கும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது இந்த ஜலத்தை வாளியிற் பிடித்துச் செடிக்கும் தரை துடைக்கவும் உபயோகிக்கப் பலர் பழகினர், நல்ல பழக்கமே. குழாயின் நுனி வாளி ஜலத்தில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் உள்ளே ஜலம் தடைப்பட்டுத் தட்டில் தேங்கும். இந்த ஜலத்தைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

மழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறையும், பங்குனியில் ஒருமுறையும் மெக்கானிக்கைக் கொண்டு சுருளையும் தட்டையும் கழுவுவிக்க வேண்டும். அப்போது உருளை விசிறியையும் சேர்த்துக் கழுவும்படி கேட்க வேண்டும். சுருளின்மேல் ஜலம் பீய்ச்சிவிட்டுப் போவதோடு பலர் முடித்துவிடுகின்றனர். பூஞ்சணம் அடர்ந்திருப்பது அந்த விசிறியில்தான். துணி வெளுக்கும் குளோரின் நீரைச் சுருளில் ஊற்றினால் அலுமினியத் தகடுகள் அரிந்துபோகும். அதை அமிலத்தோடு சேர்த்தால் விஷவாயு கிளம்பும், ஒருபோதும் செய்யலாகாது. கற்பூரமும் அந்துருண்டையும் வாசனைத் தைலமும் வாடையை மறைக்குமேயன்றி ஈரத்தைக் குறைக்கா.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வருவோர், முந்தின நாள் வலையைக் கழுவி உலர்த்தி மாட்டி, விசிறியை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டி, பிறகு மின்சாரத்தைத் துண்டிக்கவும். உள்யந்திரத்தைப் பிளாஸ்டிக் உறையால் இறுகக் கட்டுவது ஈர நெல்லைக் கட்டி வைப்பதற்கு ஒப்பு. உள்ளறைக் கதவுகளையும் அலமாரிக் கதவுகளையும் சற்றே திறந்து வைக்கவும். நம்பிக்கையான அண்டை வீட்டார் பதினைந்து நாளுக்கொருமுறை, வெயில் கண்ட நடுப்பகலில், ஜன்னல்களைத் திறந்து விசிறியைச் சுழற்றினால் பெரும் உபகாரம். 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயலின்போது சென்னையிற் பல இடங்களில் நாட்கணக்காக மின்சாரமில்லை. அத்தகைய சமயத்தில் யந்திரம் நனைந்தபடியே நின்றுவிடும். மின்சாரம் வந்தவுடன் குளிர்ச்சியைப் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து விசிறி நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டவும். வெளியந்திரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் மெக்கானிக் பார்க்கும் வரை ஸ்விட்சைத் தொடவே கூடாது.

பொங்கல் கழித்துத் திரும்பி வீட்டைத் திறக்கும் நாளிலும் இதே முறைதான்: முதலில் ஜன்னல், பிறகு டார்ச் விளக்கு, பிறகு வலை. வாடையடிக்குமானால், கழுவி முடியும் வரை குழந்தைகளை அவ்வறையிற் படுக்க விடாதிருக்கவும்.